சிஹாபுதீன் நடத்திய கூட்டங்கள்

சிஹாபுதீனுக்கு என்ன தொழில் என்று சங்கரன்கோவிலில் யாராவது கேட்டால், அவருடைய மனைவி சாஜிதா பானுவே கொஞ்சம் திணறித்தான் பதில் சொல்வாள். "கம்பெனியள்ல கூட்டம் போட்டுக் குடுப்பாவ" என்பாள். கேட்டவர் கட்சிக் கூட்டமா, மார்க்கக் கூட்டமா என்று அடுத்ததாகக் கேட்பார். "அது இல்ல. அங்கன வேலை பாக்குறவங்களை ஒண்ணா உக்கார வச்சு, பேச விட்டு, யாவாரத்துக்குப் புது யோசனை எடுத்துக் குடுக்கிறது" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்.

அதற்கு முன் அவர் இருபது வருஷம் சோப்புக் கம்பெனி விற்பனையாளராகப் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியவர். பிறகு கோயம்புத்தூரில் ஒரு பயிற்சி நிறுவனத்தில் நாலு வருஷம். அங்கே அவர் பேச்சாளர் இல்லை. மைக் மாட்டுவது, நாற்காலி போடுவது, வந்தவர்களுக்குப் பேனாவும் நோட்டும் கொடுப்பது, அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு வருஷத்தில் அவர் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். கோட்டு போட்ட பேச்சாளர் மேடையில் நின்று "உங்கள் எண்ணங்களைத் தயங்காமல் சொல்லுங்கள்" என்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். டீ இடைவேளையில் கை கழுவும் இடத்தில் இரண்டு பேர் நின்று பேசிக்கொள்வார்கள் பாருங்கள், அதில்தான் விஷயம் இருக்கும். எந்த மிஷின் ஏன் நிற்கிறது, எந்தச் சரக்கு ஏன் திரும்பி வருகிறது என்பதெல்லாம் அங்கேதான் வரும். அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை. தண்ணீர் பாட்டில் அடுக்கிக்கொண்டிருந்த சிஹாபுதீன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கொரோனாவில் அந்த நிறுவனம் மூடிப்போக, அவர் ஊருக்கு வந்து தானாகவே இந்தத் தொழிலைத் தொடங்கினார். சார்ட் பேப்பர் சுருளை பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் குறுக்காக வைத்துக்கொண்டு போவார். பார்க்கிறவர்கள் கட்சி போஸ்டர் ஒட்டப் போகிறார் என்று நினைத்தார்கள். முதல் வருஷம் அவரைக் கூப்பிட்டது மூன்றே இடம். அதில் ஒன்று சிவகிரியில் ஒரு பேக்கரி. அங்கே மாவு பிசைகிறவர் ஒருவர், மூன்று மணி நேரக் கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார். "பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளைய கையில பத்து ரூவாதான் இருக்கு, நம்ம பன்னு பதினஞ்சு." முதலாளி பன்னைச் சின்னதாக்கினார். சாயந்திரம் கடை முன்னால் கூட்டம் நின்றது. முதலாளி சிஹாபுதீனுக்கு ஒரு பெட்டி நெய் பிஸ்கட் கொடுத்தனுப்பினார். மாவு பிசைகிறவர் மறுநாளும் மாவு பிசைந்தார். அது சிஹாபுதீனின் மனதில் லேசாக உறுத்தியது. எண்ணத்தை வெளியே கொண்டுவருவதுதான் நம் வேலை, அதற்கப்புறம் நடப்பது முதலாளி பாடு என்று சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் அவருக்கு வசதியாக இருந்தது.

ராஜபாளையம் ரோட்டில் குற்றாலநாதன் என்பவருக்கு ஊறுகாய் கம்பெனி இருந்தது. புளியங்குடி சந்தையிலிருந்து தினமும் எலுமிச்சை வந்து இறங்கும். நல்ல காய் ஊறுகாய்க்குப் போகும், பழுத்தது பிழிந்து பாட்டில் சாறுக்குப் போகும். நாற்பத்தெட்டு பேர் வேலை பார்த்தார்கள், முக்கால்வாசி பெண்கள். அவருடைய மகன் சிவபிரசாத் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்திருந்தான். புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவனுக்குத் துடிப்பு, என்ன செய்வது என்று தெரியவில்லை. பேக்கரிக் கதையை எங்கேயோ கேள்விப்பட்டு சிஹாபுதீனைக் கூப்பிட்டு அனுப்பினான்.

முதல் கூட்டம் படுதோல்வி. சூப்பர்வைசர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள், பெண்கள் சுவரோரம் நின்றார்கள். "மொதலாளி எங்களுக்கு ஒரு குறையும் வைக்கல" என்று வடிவாம்பாள் என்கிற மூத்த தொழிலாளி எல்லாருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொன்னாள். அதோடு முடிந்தது. இரண்டாவது கூட்டத்தில் சிஹாபுதீன் நாற்காலிகளை எடுக்கச் சொல்லிவிட்டு எல்லாரையும் பாயில் வட்டமாக உட்காரவைத்தார். அன்றும் ஃபேன் வேண்டும், கக்கூஸில் தாழ்ப்பாள் இல்லை என்பதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

மூன்றாவது கூட்டத்துக்கு அவர் ஒரு நிபந்தனை போட்டார். சூப்பர்வைசர்கள் இருக்கக் கூடாது, முதலாளி மகனும் இருக்கக் கூடாது. சிவபிரசாத் முகம் சுருங்கினாலும் ஒத்துக்கொண்டான். அன்று சுவரில் ஒட்டிய சார்ட்டில் சிஹாபுதீன் தன் கையால் நான்கு விதி எழுதினார். யாரையும் பார்த்துச் சிரிக்கக் கூடாது. எது சொன்னாலும் தப்பில்லை. யார் சொன்னது என்று பேர் எழுதமாட்டோம், இங்கே பேசியது வெளியே போகாது. இங்கே பிறக்கிற எண்ணம் தனியாள் சொத்து இல்லை, எல்லாருக்கும் பொது.

நாலாவது விதியை அவர் நல்ல மனசோடுதான் எழுதினார். ஒருத்தி சொல்லி அது தோற்றுப்போனால் அவள் தலையில் விடியக் கூடாது என்பதுதான் அவர் நினைத்தது. ஜெயித்தால் என்ன ஆகும் என்று அவர் யோசிக்கவே இல்லை.

பிறகு அவர் கேள்வியை மாற்றிக் கேட்டார். "புது ஐடியா சொல்லுங்கன்னு நான் கேக்கல. இந்தக் கம்பெனியில எதைத் தூக்கி எறியும்போது உங்களுக்கு வயிறு எரியுது? அதை மட்டும் சொல்லுங்க."

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். அதுதான் அவருடைய திறமை. கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது எளிதில்லை. வாய் தானாகப் பேசப் பார்க்கும். அவர் உள்ளுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே இருப்பார். இருபதைத் தாண்டும்போது யாராவது ஒருவருக்கு அந்த மௌனம் பொறுக்காது.

அன்று முப்பத்தொன்று வரை எண்ணினார்.

"தோலு" என்றாள் ஒருத்தி. உடனே நாலு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். சாறு பிழிந்த எலுமிச்சந்தோல் நாள் ஒன்றுக்கு ஒரு டிராக்டர் நிறைய வெளியே போகிறது, ஓடைக்கரையில் கொட்டி அழுகி நாறுகிறது, என்ன வாசமான தோல் என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

"வீட்டுல யாராவது இந்தத் தோலை வச்சு ஏதாவது செஞ்சு பாத்திருக்கீயளா?" என்று கேட்டார் சிஹாபுதீன்.

சத்தம் பட்டென்று அடங்கியது. அவருக்குப் புரிந்தது. கம்பெனியிலிருந்து ஒரு காயைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது, வாசலில் பை சோதனை உண்டு. செய்து பார்த்தேன் என்று சொன்னால் எடுத்துப் போனேன் என்று அர்த்தம். அவர் எழுந்துபோய் மூன்றாவது விதியின் கீழே கோடு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பின்வரிசையில், கையிரண்டையும் முந்தானைக்குள் வைத்திருந்த ஒருத்தி தலையைத் தூக்கினாள். ரூபியா என்று பெயர், முப்பத்தாறு வயது. புருஷன் விசைத்தறி ஓட்டுகிறவர். காய் பிரிக்கிற பிரிவில் ஆறு வருஷமாக இருக்கிறாள். முதல் இரண்டு கூட்டத்திலும் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"நான் செய்வேன்" என்றாள். "டிபன் பாக்ஸுல கொஞ்சம் கொண்டு போவேன். எம் மவ அப்ராவுக்கு பஸ்ஸுல ஏறுனாலே வாந்தி. கடையநல்லூருக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயி இறங்குறதுக்குள்ள பிள்ள துவண்டுரும். வெறும் எலுமிச்சங்காயை மோந்து பாக்கச் சொன்னா அதுக்கும் குமட்டுது. அதான் நானா ஒண்ணு செஞ்சு பாத்தேன்."

எப்படி என்று எல்லாரும் கேட்டார்கள். அவள் சொல்லச் சொல்ல சிஹாபுதீனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தோலை உப்புத் தண்ணீரில் மூன்று தடவை கொதிக்கவைத்து மூன்று தடவையும் தண்ணீரைக் கொட்ட வேண்டும். அப்போதுதான் கசப்பு இறங்கும். வெயிலில் போட்டால் கருத்துவிடும் என்பதால் நிழலில் காயவைக்க வேண்டும். பிறகு கருப்பட்டிப் பாகில் புரட்டி, சுக்கும் சீரகமும் பொடித்து மேலே தூவ வேண்டும். கருப்பட்டி அதிகமானால் பிசுபிசுக்கும், சுக்கு அதிகமானால் பிள்ளை துப்பிவிடும். அந்தப் பக்குவம் கைக்கு வருவதற்கு ஒரு வருஷம் ஆயிற்றாம். "இப்போ எம் மவ சன்னலோரம் கூட கேக்கதில்ல. ரெண்டு துண்டு வாயில போட்டா ஊரு வார வரைக்கும் பேசிக்கிட்டே வருவா" என்றாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிஹாபுதீன் சார்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதினார்: பஸ் பயணத்துக்குத் தோல் மிட்டாய். பேர் எழுதவில்லை.

கூட்டம் முடிந்து அவர் குற்றாலநாதனின் அறைக்குப் போனபோது கால் தரையில் பாவவில்லை. நாலு வருஷம் தண்ணீர் பாட்டில் அடுக்கியவர், இன்று ஒரு பொருளையே பிறக்கவைத்திருக்கிறார். சிவபிரசாத் குறிப்புகளைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். "எப்படி பாய் பேச வச்சீங்க?" என்று கேட்டான். சிஹாபுதீன் தன் தொழில் ரகசியத்தையெல்லாம் கொட்டினார். கேள்வியை எப்படி மாற்றிக் கேட்பது, எப்போது சும்மா இருப்பது, எல்லாம் சொன்னார். "ஒரு முடிவுக்கு எல்லாரும் சரின்னு சொல்லணும்னா, அவங்க அடிச்சுப் போடுறதுக்குன்னு ஒண்ணைச் சேத்து முன்னால வைக்கணும் தம்பி. அதை அடிச்சுட்ட திருப்தியில மிச்சத்தை ஒத்துக்கிடுவாங்க" என்றுகூடச் சொன்னார்.

குற்றாலநாதன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதைச் சொன்ன பிள்ள யாரு?" என்றார்.

பேர் எழுதமாட்டோம் என்று தான் எழுதிய விதி சிஹாபுதீனுக்கு நினைவு வந்தது.

"பாராட்டணும்லா பாய். அதுக்குத்தான் கேக்கேன்" என்றார் குற்றாலநாதன், சிரித்துக்கொண்டே.

"ரூபியா" என்றார் சிஹாபுதீன். பாராட்டத்தானே கேட்கிறார்.

மறுவாரமே ரூபியாவைக் கூப்பிட்டு, வேலை நேரத்திலேயே பின்கட்டில் அடுப்பு வைத்துக் கொடுத்துச் செய்துகாட்டச் சொன்னார்கள். சிவபிரசாத் பக்கத்தில் ஒரு தராசோடு நின்றான். அவள் கை அள்ளுவதை எல்லாம் அவன் எடை போட்டு எழுதிக்கொண்டான். பன்னிரண்டு நாள் அப்படி நடந்தது. பதின்மூன்றாம் நாள் அவளைத் திரும்பக் காய் பிரிக்க அனுப்பிவிட்டார்கள். ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசாகக் கிடைத்தது. வாசலில் பை சோதிக்கிறவன் அதைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டான்.

ஆடித்தபசுத் திருவிழா வாரத்தில் மிட்டாய் வெளியே வந்தது. ஊர் முழுக்க ஜனம். எங்கெங்கிருந்தோ பஸ்கள் வந்து நிற்கின்றன. 'ரூட் பைட்' என்று இங்கிலீஷ் பேர் போட்ட மஞ்சள் பாக்கெட், ஐந்து ரூபாய். பஸ் ஸ்டாண்டில் மூன்று இடத்தில் மேஜை போட்டிருந்தார்கள். இரண்டே நாளில் சரக்கு தீர்ந்தது. தேரோட்டத்தன்று சிவபிரசாத் ஃபோனில் ஒரு வீடியோ போட்டான். ஸ்டீரிங்கைப் பிடித்தபடி பேசுகிறான்: "ஒருநாள் கார்ல குற்றாலம் போயிட்டு இருக்கும்போது எனக்கு ஒரு தாட் வந்துச்சு..."

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் ஒரே ஃபோனைச் சுற்றி நின்று அதைப் பார்த்தார்கள். "ஏட்டி, இவன் காரு ஓட்டையில நீயும் பின்சீட்டுல இருந்தியா?" என்று வடிவாம்பாள் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். ரூபியாவும் சிரித்தாள் என்று சொல்கிறார்கள்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. ஒரு மாதம் பொறுத்திருந்து குற்றாலநாதனைப் போய்ப் பார்த்தாள். பாக்கெட்டில் பேர் போட வேண்டாம், பணமும் வேண்டாம், மிட்டாய் போடுகிற புதுப் பிரிவுக்குத் தன்னைப் பொறுப்பாகப் போட்டால் போதும் என்று கேட்டாள். "சுக்கு இப்போ கூடிப் போச்சு மொதலாளி. பெரியவங்க திம்பாங்க, பிள்ளைய திங்காது" என்றும் சொன்னாள். பார்ப்போம் என்றார். பத்து நாள் கழித்து அவருடைய மச்சினி மகள் மீனலோசினி அந்தப் பொறுப்புக்கு வந்தாள். ரூபியா அந்த மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டாள்.

நின்றவள் சும்மா இருக்கவில்லை. புளியங்குடிக்குத் தானே போய்க் கழிவுக் காய் வாங்கி வந்தாள். மொட்டை மாடியில் ஓலைக் கீற்றுப் பந்தல் போட்டு, அதன் நிழலில் தோல் காயவைத்தாள். அப்ரா தன் கையெழுத்தில் 'தோல் மிட்டாய்' என்று சீட்டு எழுதி ஒட்டினாள். கரிவலம்வந்தநல்லூர் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பெட்டிக் கடை, இங்கே தெருமுனையில் ஒரு கடை என்று தொடங்கியது. இரண்டு மாதத்தில் பதினாறு கடையானது. கண்டக்டர்களே "அந்த அம்மா மிட்டாய் வாங்கிப் போடுங்க" என்று பயணிகளிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். சாஜிதா பானுவும் வாங்கினாள். ரூபியா அவளுக்குச் சின்னம்மா வழியில் தூரத்துச் சொந்தம். "உங்க கூட்டத்தால ஒருத்தி பொழைச்சா" என்று அவள் சொன்னபோது சிஹாபுதீனுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை அவர் கொஞ்ச நாள் அனுபவித்தார்.

மார்கழியில் குற்றாலநாதன் கூப்பிட்டனுப்பினார். மத்தியான நேரம். அறையில் ஒரு வக்கீலும் இருந்தார். காபி வந்தது.

"நம்ம சங்கத்துல பேசியிருக்கேன் பாய்" என்று தொடங்கினார் குற்றாலநாதன். அவர்தான் வியாபாரிகள் சங்கத் தலைவர். "பத்து கம்பெனிக்கு நீங்கதான் கூட்டம் நடத்தணும். தை பொறந்ததும் ஆரம்பிச்சுருவோம்." பிறகு ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார். "இது ஒரு சின்ன விஷயம். நடந்ததை நீங்க எழுதித் தரணும், அவ்வளவுதான்."

சிஹாபுதீன் படித்தார். மூன்று பத்தி. முதலாவது: மேற்படி கூட்டம் கம்பெனி வளாகத்தில், வேலை நேரத்தில், கம்பெனி செலவில் நடந்தது. இரண்டாவது: மேற்படி தோல் மிட்டாய் யோசனை அந்தக் கலந்துரையாடலில் பிறந்தது, அது தனியாள் சொத்து இல்லை என்று கூட்டத்தை நடத்தியவரே எழுதி ஒட்டியிருந்தார், கலந்துகொண்ட அனைவரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது: ரூபியா என்பவர் கம்பெனியிலிருந்து அனுமதியில்லாமல் மூலப்பொருள் எடுத்துச் சென்றதை அந்தக் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்.

கூடவே அந்தச் சார்ட்டின் புகைப்படமும் இருந்தது. அவருடைய கையெழுத்து. மூன்றாவது விதிக்குக் கீழே அவர் போட்ட கோடு.

"இது என்ன அண்ணாச்சி?" என்றார். "அந்தப் பிள்ள என்னை நம்பிச் சொன்னது. இதை எப்படி நான் எழுதித் தருவேன்? திருட்டுப் பட்டம்லா இது?"

"பொய்யா எழுதச் சொல்லுதோமா?" என்றார் குற்றாலநாதன்.

"மூணாவதுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். என்ன ஆனாலும் சரி."

தன் வாயிலிருந்து அவ்வளவு கறாராக ஒரு வார்த்தை வந்ததில் அவருக்கே ஆச்சரியம். குற்றாலநாதன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் பெருமூச்சு விட்டார். சிவபிரசாத் கொஞ்ச நேரம் வாதாடினான். பிறகு வக்கீலே பேனாவை எடுத்து மூன்றாவது பத்தியைக் குறுக்கே அடித்தார். "போதுமா பாய்? நீங்க சொல்லுதீயன்னுதான்."

சிஹாபுதீன் மற்ற இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து பைக்கை எடுத்தபோது அவருக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. ஒரு பெண்ணைத் திருட்டுப் பழியிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தார். ரயில்வே கேட்டில் வண்டிகளோடு நிற்கும்போதுதான் மெல்ல மெல்ல உறைத்தது. அவர்களுக்கு மூன்றாவது தேவையே இல்லை. வேண்டியது இரண்டாவதுதான். கேட் திறந்து பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. திரும்பிப் போய்த் தாளைக் கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் அவர்கள் இன்னும் அதே அறையில்தான் இருந்திருப்பார்கள். அவர் வீட்டுக்குப் போனார்.

பின்னொரு நாள் சிவபிரசாத்தே அதை வேடிக்கையாகச் சொன்னான். "அந்த மூணாவது பாயிண்ட் நீங்க அடிக்கிறதுக்குன்னே போட்டது பாய். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்று அவர் தோளில் தட்டினான்.

தோல் மிட்டாய் போட்டு விற்கக் கூடாது என்று ரூபியாவுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. கூடவே பதினாறு கடைக்கும் ஆள் போய், இந்தச் சரக்கை விற்றால் கேஸில் நீங்களும் சேர்வீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். கடைக்காரர்கள் மிட்டாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். ரூபியாவின் புருஷன் நோட்டீஸை எடுத்துக்கொண்டு தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனார். அவர் அந்த இரண்டு பத்தியைப் படித்துவிட்டு, "இந்த சிஹாபுதீன் யாரு? இவர் இப்படி எழுதிக் குடுத்திருக்காரே" என்றாராம்.

சாஜிதாவுக்கு அது அன்று மாலையே தெரிந்துவிட்டது. அவள் சத்தம் போடவில்லை. "பேரு எழுதமாட்டோம்னு சார்ட்டுல எழுதுனீய, கையெழுத்துப் போடும்போது மட்டும் உங்க பேரு எழுதலாமோ?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் சிஹாபுதீன் ரூபியாவின் வீட்டுக்குப் போனார். அவள் மாடியில் இருந்தாள். பந்தல் கீழே இருந்த தோலை எல்லாம் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் வேலையை நிறுத்தவில்லை.

"வாங்கண்ணே. நிழல்ல நில்லுங்க."

"நான் வேணும்னு செய்யல ரூபியா. மூணாவதா ஒண்ணு எழுதியிருந்தாங்க, உன் மேல திருட்டுன்னு. அதை நான்தான் அடிக்க வச்சேன்."

"திருட்டுன்னே எழுதட்டும்" என்றாள். "குப்பையில போற தோலை எடுத்தேன்னு ஊரு சிரிச்சிருக்கும், ரெண்டு நாள்ல மறந்திருக்கும். மிட்டாய் என்னுதா இருந்திருக்கும்லா?"

அவள் சாக்கின் வாயைக் கட்டினாள்.

"நான் உங்ககிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்ணே. ஆறு வருஷமா அங்கன நான் பேசினதே கெடையாது. நல்லாத்தான் இருந்தேன். நீங்கதான் உக்காந்து உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தீய. இவ்வளவு நேரம் ஒரு மனுசன் நம்ம வார்த்தைக்குக் காத்துக் கெடக்காரேன்னு மனசு கேக்கல. அதான் சொன்னேன்." கட்டிய சாக்கை ஓரமாக நகர்த்திவிட்டு, "இப்போ அப்ராவைக் கடையநல்லூருக்குக் கூட்டிட்டுப் போவணும்னா அஞ்சு ரூவா குடுத்து அவங்க பாக்கெட்டைத்தான் வாங்கணும். அதுல சுக்கு வேற அதிகம்" என்றாள்.

"நான் எழுதித் தாரேன்" என்றார் சிஹாபுதீன். "இது நீ செஞ்சது, கூட்டத்துக்கு முன்னாலேயே உன் வீட்டுல இருந்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். உங்க வக்கீல்கிட்ட குடுக்கலாம்."

அவள் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "தருவீயளா?"

"சத்தியமா."

"இன்னைக்கேவா?"

சிஹாபுதீன் வாய் திறந்தார். தை பிறக்க இன்னும் எட்டு நாள் இருந்தது. "சங்கத்துக் கூட்டம் மட்டும் ஆரம்பிச்சுரட்டும். பத்து கம்பெனி, ரெண்டே மாசம். அது முடிஞ்ச மறுநாளே—"

ரூபியா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. கோபம் வந்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வெயில் ஏறிட்டு. போயிட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த சாக்கை எடுத்தாள்.

சங்கத்துக் கூட்டங்கள் நடந்தன. பத்து கம்பெனியிலும் சிஹாபுதீன் பாய் விரித்தார், சார்ட் ஒட்டினார், கேள்வியை மாற்றிக் கேட்டார், வாயை மூடிக்கொண்டு எண்ணினார். நூறு வரைகூட எண்ணினார். யாருக்கும் அந்த மௌனம் பாரமாக இல்லை. அவர்கள் நிதானமாக அவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நைட்டி தைக்கிற ஒரு கம்பெனியில் கடைசியில் ஒரு பெண் பேசினாள். "சார், ரூபியா எங்க தெருதான்" என்றாள். அவ்வளவுதான். மற்றவர்கள் குனிந்துகொண்டார்கள். சீட்டில் எழுதிப் போடச் சொன்னால் எல்லாரும் எழுதினார்கள். ஃபேன் வேண்டும், தண்ணீர் வேண்டும், தீபாவளிக்கு இனாம் வேண்டும்.

முதலாளிகளுக்கு ஏதாவது காட்டியாக வேண்டும். முதல் கம்பெனியில் அவர் தானே ஒன்றைச் சேர்த்து எழுதினார். அடுத்ததில் மூன்று. ஐந்தாவது கம்பெனி வரும்போது ஃபோனில் தேடி, எந்த ஊரிலோ யாரோ செய்ததை எல்லாம் எடுத்து, உங்கள் தொழிலாளர்கள் சொன்னது என்று வரிசையாக எழுதிக் கொடுக்கப் பழகியிருந்தார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நம்ம ஆள்களா இவ்வளவு யோசிக்கிறார்கள் என்று முதலாளிகள் வியந்தார்கள். சங்கத்து ஆண்டு விழாவில் குற்றாலநாதன் அவருக்குச் சால்வை போர்த்தினார். இப்போது ராஜபாளையத்திலிருந்தும் கூப்பிடுகிறார்கள். பைக்கை மாற்றிப் பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறார்.

ரூபியாவுக்கு எழுதித் தருவதாகச் சொன்னதை அவர் எழுதவில்லை. சங்கக் கூட்டம் முடிந்தபோது நோன்பு வந்தது, பிறகு வேறு ஒன்று வந்தது. அதற்குள் ரூபியாவின் புருஷன், இனி மிட்டாய் போடமாட்டோம் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து விவகாரத்தை முடித்துவிட்டார். முடிந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று சிஹாபுதீன் நிம்மதியாகச் சாப்பிட்டார். அதை நினைத்து அவருக்கே பிறகு தன் மேல் அருவருப்பு வந்தது. ஆனாலும் சாப்பிட்டது சாப்பிட்டதுதான்.

ரூபியா இப்போது புளியங்குடி சந்தையில் ஒரு கமிஷன் கடையில் காய் பிரிக்கப் போகிறாள். காலை முதல் பஸ்ஸில் போய் மத்தியானம் திரும்புகிறாள். போன வாரம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சாஜிதா அவளைப் பற்றிப் பேச்செடுத்தாள். இந்த வருஷ மழையில் வந்த காயெல்லாம் மூட்டையிலேயே அழுகுகிறதாம். கடைக்காரர் வேலையாட்களை எல்லாம் கூப்பிட்டு, இதைக் குறைக்க யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டிருக்கிறார்.

"அவளுக்குத் தெரியும்" என்றார் சிஹாபுதீன் சட்டென்று. "காயைப் பத்தி அவளுக்குத் தெரியாததா?"

"தெரியுமாம். எங்கிட்ட விளக்கமா சொன்னா, காம்பை ஒட்டி எப்படி நறுக்கணும், எதுல பரப்பி வைக்கணும்னு." சாஜிதா சோற்றுச் சட்டியை மூடினாள். "கடைக்காரர்கிட்ட, எனக்கு என்ன தெரியும் மொதலாளின்னு சொல்லிட்டாளாம்."

சிஹாபுதீன் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாஜிதா குழம்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.